இடைவேளைக்குப் பிறகு

சேரன்மகாதேவி அரிசி ஆலையின் அலுவலக அறையில் ஃபாரிஸ் தன் படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பணம் போடக்கூடும் என்று அவன் நம்பி வந்த ஆலை முதலாளி எபனேசர் எதிரே சுழல்நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். ஜன்னல் வெயிலில் தவிட்டுத் தூசி மிதக்கிறது. எழுதிய கதையைப் பணம் போடுபவர்கள் யாரும் வாசிப்பதில்லை. மழைக்கு மேசையில் விரல்களைத் தட்டி, சண்டைக்கு வாயாலேயே இசை போட்டு, முழுப்படத்தையும் அவன்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். கொட்டும் மழையில் கதாநாயகி ஆற்றுப்பாலத்தில் தனியாக நிற்கிறாள். "இங்கன இடைவேளை விடுதோம் அண்ணாச்சி." "நல்லா இருக்குவே. பைய இரும், காபி சொல்லிட்டு வாரேன்." காபி வருகிறது, ஒரே ஒரு தம்ளர். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்கிறது. எழுந்தவர் தள்ளிவிட்ட நாற்காலி வாசலைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. காபியில் ஆடை படிகிறது. ஃபாரிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு மேசையில் மீண்டும் மழையைத் தட்டத் தொடங்குகிறான். மின்விசிறியை அணைக்க வந்த கணக்குப்பிள்ளை ரீபா வாசலிலேயே நிற்கிறாள். "மொதலாளி ராதாபுரம் போயிட்டாவளே. யாருக்குச் சொல்லுதிய?" அவன் விரல்கள் நிற்கவில்லை. "அவ பாலத்துல நனைஞ்சிட்டு நிக்காள்லா. அங்கனயே விட்டுட்டு எப்படிப் போவ?"