வீட்டுக்கு வராத விருந்தாளி

“இன்னொரு தட்டு எடு, பாக்கியம். ஆள் வர்றாங்க,” என்றார் பொன்னுதுரை.

பாக்கியலட்சுமி ஆற்றில் கழுவிய மங்குத் தட்டும் கையுமாகச் சுற்றிலும் பார்த்தாள். லேடாங் மலையடிவாரத்தில், பாறைகளுக்கு நடுவே இரைந்து ஓடும் இந்த ஆற்றங்கரைக்கு நேற்று வந்ததிலிருந்து, தன் கணவரைத் தவிர ஒரு மனித முகத்தையும் அவள் கண்டதில்லை.

கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று அவர் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மலாக்காவில் அவர்கள் குடியிருக்கும் காஜா பெராங்கில் எந்தப் பெண் புருஷனோடு காட்டில் போய்ப் படுத்திருக்கிறாள்?

ஆனால் காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுகளோடு மலாயாவில் சண்டை நடந்த அவசரகாலம் முடிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. பயந்து பயந்து பார்த்த காட்டுக்குள் ஜனங்கள் மறுபடியும் போய் வர ஆரம்பித்திருந்தார்கள். பிள்ளைகளைப் புக்கிட் பாருவில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, அரிசி, நெத்திலி, மிளகாய், அட்டை கடித்தால் போட உப்பு என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வந்ததும் பிடித்துப்போயிற்று. இன்று காலை மலையிலிருந்து பனி இறங்கி வருவதைப் பார்த்தபடி, இடுப்பளவு தண்ணீரில் வெகுநேரம் நின்றாள். யாரும் அவளை எதற்கும் கூப்பிடவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு காலை வாய்த்ததே இல்லை.

கரையோரத்து ஒற்றையடிப் பாதையில் ஒரு சீனர் வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டையில் ரப்பர் பால் கறை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

பொன்னுதுரை காலை இழுத்து இழுத்து எதிரே போய், கையைப் பிடித்து அவரை அழைத்து வந்தார்.

“பாக்கியம், இவர் பேரு ஆ கியோங். அன்னைக்கு என்னை முதுகுல தூக்கிக்கிட்டு வந்தவரு இவர்தான்.”

தட்டு அவள் கையிலிருந்து நழுவிப் பாறையில் விழுந்தது.

அவசரகாலத்தில் பொன்னுதுரை போலீசில், காட்டுக்குள் போய்ச் சண்டை போடும் படையில் இருந்தார். இதே மலையில் ஒரு நாள் துப்பாக்கிச் சூடு. கூட வந்தவர்கள் சிதறிப்போனார்கள். தொடையில் குண்டு பாய்ந்து கிடந்தவரை யாரோ ரோட்டோரம் வரை தூக்கி வந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முகம் ஞாபகம் இல்லை என்றுதான் அவர் சொல்லியிருந்தார்.

அந்த யாரோ ஒருவருக்காக, ஒவ்வொரு மாசி மகத்துக்கும் சன்னாசிமலைக் கோயிலில் அவள் அர்ச்சனை செய்து வந்தாள். பெயர் கேட்கும் அர்ச்சகரிடம், “பேர் தெரியாது சாமி. நல்லவர்னு சொல்லிக்குங்க,” என்பாள்.

பொன்னுதுரை இப்போது தங்காக் பஸ்ஸில் கண்டக்டர். போன மாதம் பஸ்ஸில் ஏறிய ஆ கியோங்தான் அவரை அடையாளம் கண்டாராம். அவசரகாலத்தில் சீனர்களைக் குடியேற்றிய பக்கத்துப் புதுக்கிராமத்தில் இருக்கிறார், பால்மரம் சீவுகிறார். எவ்வளவு வருந்தி அழைத்தும் மலாக்காவுக்கு, வீட்டுக்கு வர மட்டும் சம்மதிக்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கூடாரம்.

பாக்கியலட்சுமி அவர் முன்னால் கைகூப்பி நின்றாள். சந்தையில் பேசிப் பழகிய மலாயில் நன்றி சொல்லப் பார்த்தாள். “தெரிமா காசி, தெரிமா காசி” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

“பாக்கியம் என்பது உங்கள் பெயரா?” என்று ஆ கியோங் மலாயில் கேட்டார். “அன்றைக்கு வழி முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். தமிழில் தண்ணீருக்கு அப்படிச் சொல்வார்கள் போல என்று நினைத்தேன். சொன்னபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தேன்.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. பொன்னுதுரை முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தட்டை மறுபடியும் அலம்பிச் சுடச்சுடச் சோறு போட்டாள். காலையில் ஆற்றில் பிடித்த மீனைக் குழம்பு வைத்திருந்தாள். நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள்.

ஆ கியோங் சாப்பிடவில்லை. தட்டை மடியில் வைத்தபடி பொன்னுதுரையைப் பார்த்தார்.

“சொல்லிவிட்டீர்களா?”

பொன்னுதுரை அவசரமாகக் கையை ஆட்டினார். அதெல்லாம் எதற்கு இப்போது, முதலில் சாப்பிடுங்கள் என்றார்.

ஆ கியோங் தட்டைச் சத்தம் வராமல் பாறைமேல் வைத்தார். பிறகு பாக்கியலட்சுமியின் பக்கம் திரும்பினார்.

“அப்போது நான் கம்யூனிஸ்டுகளோடு காட்டில் இருந்தேன். அப்புறம்தான் சரணடைந்தேன்.” அவள் முகத்தை நேராகப் பார்த்தார். “இவரைச் சுட்டதும் நான்தான்.”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாதக்கணக்கில் அவள் கையால் கழுவிக் கட்டிய புண். மருந்து பட்டதும் அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் இன்னும் அவள் காதைவிட்டுப் போகவில்லை. அவரைச் சுட்ட கை, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அந்த மனிதரின் முழங்காலில் கிடந்தது. அந்தக் கையால்தான் தண்ணீரும் கொடுத்திருக்கிறார்.

ஆ கியோங் எழுந்து போய்விடத் தயாராக இருந்தவர்போலப் பாறையின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

பாக்கியலட்சுமி குனிந்து தட்டை எடுத்தாள். சோறு ஆறிப்போயிருந்தது. அடுப்பிலிருந்து கொதிக்கிற குழம்பை மொண்டு அதன்மேல் ஊற்றினாள். இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் நீட்டினாள்.

“மக்கான்,” என்றாள். “சாப்பிடுங்க.”

அவர் தட்டைப் பிடித்தார். அவர் முதல் வாய்ச் சோற்றை விழுங்கும்வரை, தட்டின் விளிம்பை அவள் விடவில்லை.