அழுகண்ணிக்கு முதல் சோறு

ஜன்னல் வெயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பா ஜொலிக்கிறது. அதற்குள், ஈரத் தென்னைநார்த் தூளில், ஈஸ்வரி விதை தூவி மழைத்தண்ணீரிலேயே வளர்த்த அழுகண்ணிகள். பூச்சி தின்னும் செடிகள். இலையிழைகளின் நுனிதோறும் சிவந்த பசைத்துளி மினுங்குகிறது. கணவன் பாண்டிதுரை இன்று டப்பாவுக்கு அடியில் தட்டாக மாற்றி வைத்த பால்கோவா மூடியைக் கழுவவில்லை. இனிப்புக்கு எறும்புகள் சாரைசாரையாக ஏறுகின்றன. "ஐயையோ, எம்புட்டு எறும்பு! செடியத் தின்னுருமே!" என்று மருந்துப்பொடியோடு பாய்கிறான். ஈஸ்வரி அவன் கையைப் பிடிக்கிறாள். "செத்த பொறுங்க!" ஓர் எறும்பின் கால் இலையில் ஒட்டிக்கொள்கிறது. சிவந்த இழைகள் வளைந்து அதை அணைக்கின்றன. ஈஸ்வரி தன்னையறியாமல் குலவையிடுகிறாள். பக்கத்து வீட்டு ஜன்னல் படாரெனத் திறக்கிறது. "ஏட்டி ஈஸ்வரி, என்ன விசேஷம்?" "எம்புள்ள மொதச் சோறு திங்குது, மதினி!"