காலர் வாசம்

டாக்டரம்மா கொத்தனாரின் மனைவியுடைய கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெள்ளையடித்த சுவர்போல வெளுத்துக் கிடந்தது.

அடுத்து நகங்கள். நடுவில் குழிந்து, ஓரங்கள் தூக்கி, குட்டிக் குட்டிக் கரண்டிகளாக இருந்தன. டாக்டரம்மா ஒரு நகத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது வழியாமல் அப்படியே நின்றது.

கொத்தனார் சுவர் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைக் குனிந்து பார்த்தார்.

"மண்ணு, சாக்பீஸ், சிமெண்ட்டுன்னு எதையாவது திங்கணும், இல்ல மோந்து பாக்கணும்னு தோணுதாம்மா?"

அவள் புருஷனை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

கொத்தனாருக்குத் தலையில் செங்கல் விழுந்ததுபோல் ஆயிற்று.

கல்யாணமாகி ஏழு வருஷம். தினமும் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்துவிடுவாள். சிமெண்ட் படிந்த காலருக்குள் மூக்கைப் புதைத்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுப்பாள். அப்புறம்தான் காபி.

இதைச் சாரம் கட்டுகிறவர், டைல்ஸ் பதிக்கிறவர் என்று ஒருவர் விடாமல் சொல்லிப் பூரித்திருக்கிறார். கம்பி கட்டுகிறவர் இதைக் கேட்டுவிட்டுப் போய்த் தன் மனைவியோடு சண்டையே போட்டார். மூன்று நாள் அவர் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

அத்தனையும் இரும்புச்சத்துக் குறைவு.

"மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டா அந்த ஆசை சுத்தமா போயிடும்" என்றார் டாக்டரம்மா. "நீங்களும் வேலை முடிஞ்சதும் அங்கேயே குளிச்சு, சட்டை மாத்திட்டு வீட்டுக்குப் போங்க."

"சுத்தமாவா டாக்டர்?"

"சுத்தமா."

கொத்தனார் தலையாட்டினார். வேறென்ன செய்வது? பூச்சுக் கரணையைக் கீழே வைத்து ஆறு மாதம் ஆகிறது என்று எந்த வாயால் சொல்வது?

முதலாளி அவரை ஏசி போட்ட கடையில் குளியலறைக் குழாய் விற்க உட்காரவைத்துவிட்டார். சம்பளம்கூடக் கூடுதல். வீட்டில் மூச்சுவிடவில்லை. நாள் முழுக்கச் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, வழியில் பாதி எழும்பி நிற்கும் ஒரு கட்டடத்தின் முன் வண்டியை நிறுத்துவார். காவல்காரரிடம் கெஞ்சி ஒரு பிடி சிமெண்ட் வாங்குவார். பவுடர் போடுவதுபோல் கழுத்திலும் காலரிலும் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். காவல்காரர் இதுவரை காரணம் கேட்டதில்லை. ஆனால் கொத்தனார் வரும்போதெல்லாம் எழுந்து நாலடி தள்ளி நின்றுகொள்வார்.

கீழே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினார். முதல் மாத்திரையை அவரே பிரித்து அவள் கையில் வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அவள் தேறிவிட வேண்டும். அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அவள் தொண்டைக்குள் அது இறங்குவதைப் பார்க்க மனம் வராமல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் விழுங்கிவிட்டு வாயைத் துடைத்தாள்.

"ஆறு மாசமா வெறும் சிமெண்ட்தாங்க வருது. உங்க வேர்வை வாசமே இல்ல" என்றாள். "அதுக்கு என்ன மாத்திரைன்னு டாக்டரம்மாகிட்ட கேக்க மறந்துட்டேன்."