நின்றால் குணமாகும் நோய்

பஞ்சாபகேசன் முப்பது ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஆகவே இயற்பியல் கல்லாத எவரையும் மனிதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதவர். அவனியாபுரத்துப் பட்டறையில், தூக்கி நிறுத்தப்பட்ட தம் டீசல் காருக்கு அருகே நாற்காலி போட்டு அமர்ந்து, மெக்கானிக் கருத்தக்கண்ணனை ஒரு மணி நேரமாக ஏளனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது தடவையா வந்திருக்கேன். ஃபில்டரை மாத்தினே. சென்சாரை மாத்தினே. இனி என்னைத்தான் மாத்தணும்."

"அதுக்கு ஸ்பேர் கிடைக்காது சார்," என்றான் கருத்தக்கண்ணன், வண்டிக்கடியிலிருந்து தலையை வெளியே எடுக்காமலே.

காரின் நோய் விசித்திரமானது. நாகமலை புதுக்கோட்டையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நன்றாகத்தான் இழுக்கும். பத்துக் கிலோமீட்டர் போனதும் திடீரென மூச்சு வாங்கும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள்காரர்கள் முந்திச் செல்வார்கள். ஓரமாக நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால், ஒன்றுமே நடவாததுபோல் ஓடும். கம்ப்யூட்டரைப் பொருத்திப் பார்த்ததில் டீசல் அழுத்தம் குறைகிறது என்று மட்டும் காட்டியது. காரணத்தை அது சொல்லவில்லை.

காரணம் பஞ்சாபகேசனுக்குத் தெரியும். தம் டிரைவர் அழகுபாண்டி டீசலைத் திருடிவிட்டு எதையோ கலக்கிறான், பட்டறைக்காரன் பழுது பார்ப்பதுபோல் நடிக்கிறான், இருவரும் கூட்டு. வண்டி முதன்முறை திணறிய அன்றே அவர் டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். அப்படியும் நோய் தீரவில்லை. தம் கருதுகோள் பிழையாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிக்கலேன்னா, நாளைக்கு இதை எக்ஸ்சேஞ்சுல தள்ளிடுவேன். புதுசு ஆட்டோமேட்டிக். நானே ஓட்டிப்பேன். டிரைவரும் வேண்டாம், உன் பட்டறையும் வேண்டாம்."

காரின் மறுபக்கம் நின்றிருந்த அழகுபாண்டி ஓடி வந்தான். எட்டு ஆண்டு வேலை. குனிந்து வண்டிக்கடியில் கெஞ்சினான்.

"அண்ணே, எப்புடியாச்சும் கண்டுபிடிச்சிருண்ணே. இந்த வண்டி கைவிட்டுப் போச்சுன்னா நான் செத்தேன்."

"வேலை மேல இவ்வளவு பிரியம் இருக்கறவன் ஒழுங்கா ஓட்டியிருக்கணும்," என்றார் பேராசிரியர்.

கருத்தக்கண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். "நிறுத்துனா தானாச் சரியாகுதுல்ல சார்? அப்ப எந்த பார்ட்ஸும் கெட்டுப்போகல. டேங்குக்குள்ள என்னமோ கெடக்கு. வண்டி ஓடையில வந்து, டீசல் உறிஞ்சுற குழாய் வாயில ஒட்டிக்கிருது. நிறுத்துனா விலகிப் போயிருது. டேங்கை எறக்குவோம்."

"ஆதாரமே இல்லாத ஊகம். இதுக்குப் பேர்தான் மூடநம்பிக்கை." கருத்தக்கண்ணனின் பார்வை காரின் முகப்பில் தொங்கிய எலுமிச்சையையும் மிளகாயையும் தொட்டு மீள்வதைக் கண்டு, "அது என் ஆத்துக்காரி சாவித்ரி கட்டினது," என்று, யாரும் கேளாமலே விளக்கினார்.

டேங்க் இறங்கியது. கருத்தக்கண்ணன் உள்ளே கைவிட்டுத் துழாவி, டீசல் சொட்டும் சிறிய பிளாஸ்டிக் பை ஒன்றை வெளியே எடுத்தான். பைக்குள் சிவப்புத் துணியில் ஒரு முடிச்சு. முடிச்சைச் சுற்றி ஒரு கற்றைத் தலைமயிர்.

"இந்தா கெடக்கு பாருங்க, வில்லங்கம். பிரிச்சுப் பாப்பமா?"

"தொடாதே!"

பேராசிரியர் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. முப்பது ஆண்டு இயற்பியலும் அதனோடு சேர்ந்து கவிழ்ந்தது.

"செய்வினை! என் தம்பி ஹரிநாராயணன் வேலைதான் இது. இப்பத்தான் எல்லாம் புரியறது. சித்திரைல சாவித்ரியோட வைரத்தோடு மாயமாப் போச்சு. வைகாசில எனக்கு முட்டிவலி. ஆனில பையனுக்கு வந்த வரன் தட்டிப்போச்சு. பாவம், ஆத்துல வேலை செஞ்சிண்டிருந்த அந்த இருளாயியைத் திருடின்னு சொல்லி வேலையைவிட்டு அனுப்பிட்டோமே!"

சான்றுகளை அவர் கால வரிசைப்படி அடுக்கிய நேர்த்தியில் மட்டும் பழைய பேராசிரியர் எஞ்சியிருந்தார்.

"ஓடற தண்ணில விடணும். அழகுபாண்டி, இதை எடுத்துண்டு போ."

அழகுபாண்டி மூன்றடி பின்வாங்கினான். "நான் மாட்டேன் சார். புள்ளகுட்டிக்காரன்."

"தயவு பண்ணுப்பா. வண்டியை விக்கலை. உன் வேலை எங்கயும் போகாது, நான் வாக்குத் தரேன்."

"வைகையில எங்க சார் தண்ணி ஓடுது?"

"எங்க ஓடறதோ அதுவரைக்கும் போ. நாலு நாள் ஆனாலும் பரவாயில்லை. பிரிக்கக் கூடாது. திரும்பிப் பாக்கக் கூடாது."

கருத்தக்கண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பையைச் செய்தித்தாளில் சுற்றி நீட்டினான். "பிடிடா மாப்ள. ஒன்னய ஒண்ணும் கடிச்சிறாது."

கண்களை இறுக மூடிக்கொண்டுதான் அழகுபாண்டி அதை வாங்கினான். உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்தபடி, ஏதோ சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டு சாலையை நோக்கி நடந்தான்.

நாற்காலியை நிமிர்த்தி அமர்ந்த பஞ்சாபகேசனுக்கு மெல்லத் தெம்பு திரும்பியது. "எப்படி நடுங்கறான் பாத்தியா? படிப்பு இல்லேன்னா இப்படித்தான்."

ஷேர் ஆட்டோவில் ஏறி அமர்ந்த அழகுபாண்டிக்குப் படிப்பு இல்லைதான். ஆனால் எட்டு ஆண்டுகள் அந்தப் பேராசிரியருக்குக் காரோட்டியவன் என்பதால், சாவித்ரியின் வைரத்தோட்டைத் திருடி டேங்கில் ஒளிக்குமுன், அதைச் சிவப்புத் துணியில் முடிந்து மயிர் சுற்ற அவன் மறக்கவில்லை.