செவ்வாய்க்கிழமைக் காளான்

செவ்வாய்க்கிழமை எங்கள் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அன்று நான் மட்டும் போய்த் தரையைத் துடைப்பேன். இரண்டாம் அறையில் நூற்றைம்பது வருடப் பழைய ஓவியம் ஒன்று: காட்டுக்குள் நடந்துபோகும் வழிப்போக்கர்கள். அதன் கீழுள்ள விளக்கப் பலகையில் நால்வர் என்றிருக்கிறது. எண்ணினால் ஐவர். கடைசி ஆளின் கையில் கூடை. பலகை எழுதியவனுக்கு எண்ணத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

சென்ற வாரம் ஓவியத்தின் கீழே ஈரமான காளான் ஒன்று கிடந்தது. கிடைத்த காளான் விஷமா என்று எங்கள் ஊரில் எல்லோரும் மருந்துக்கடை பெர்த்திலிடம்தான் கேட்பார்கள்; நானும் காட்டினேன்.

"நல்ல காளான்தான் ஓதில், பயப்படாம சாப்பிடு. மூணு மாசமா மழையே இல்லியே, எங்க பறிச்ச?"

"தரையில கிடந்துச்சு."

"கத விடாத. இதோட காம்ப வெட்டினவன் நொட்டாங்கைக்காரன். உன் வீட்டுக்காரர் இப்படித்தான் சரிச்சு வெட்டுவாரு."

காளான் பறிக்கக் கூடையோடு காட்டுக்குப் போன என் கணவர் ஆல்பன் திரும்பி வராமல் ஒன்பது வருடம் ஆகிறது. அவருக்குச் சீக்கிரம் பாதம் குளிர்ந்துவிடும்.

மாலையில் திரும்பிப் போய், அவருடைய கம்பளிக் காலுறைகளை ஓவியத்தின் கீழ் வைத்துவிட்டு வந்தேன்.

இந்தச் செவ்வாய் அவற்றைக் காணோம். அதே இடத்தில், காட்டுக்குப் போன அன்று அவர் போட்டிருந்த பழைய ஜோடி, சேறும் சருகுமாய்க் கிடந்தது. குதிகாலில் ஓட்டை. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன்.

சூடு இன்னும் ஆறவில்லை.