லேமினேட் செய்த ரிப்போர்ட்

"அவளுக்கு ரத்தத்துல தட்டணு, அதான் பிளேட்லெட், கம்மி மேடம். லேசா தொட்டாலே கன்னிப்போயிரும்," என்று யாரும் கேட்காமலே சொன்னான் வேணியின் புருஷன். மூன்று வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டை லேப் மேசைமேல் வைத்தான். லேமினேட் செய்திருந்தான். மாமியார் வீட்டிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் அதைத்தான் காட்டியிருக்கிறான். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய தட்டணு பதினெட்டாயிரம். அடியில் லேப் டெக்னீஷியன் ஜெபராணியின் கையெழுத்து.

ஜெபராணி ரப்பர் பட்டையைக் கட்டி வேணியிடம் ரத்தம் எடுத்தாள். தட்டணு அவ்வளவு குறைந்திருந்தால் பட்டை இறுகிய இடத்தில் சிவப்புப் புள்ளிகள் எழும்பியிருக்க வேண்டும்; ஒன்றுகூட இல்லை. அதற்கு மேலே, புஜத்தில், நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் நீலமாகப் பதிந்திருந்தன.

மெஷின் இன்றைக்கும் இருபதாயிரத்தைத் தாண்டவில்லை. அன்றைக்கு அதை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போட்டவள், இன்றைக்கு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். ஊதா மூடிக் குழாயின் மருந்து பட்டுத் தட்டணுக்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக் கிடந்தன. மெஷினுக்குக் கொத்தை எண்ணத் தெரியாது. வேறு மருந்துள்ள நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்தாள். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.

உடம்பே தன் தட்டணுக்களை அழிக்கிற நோய் என்று மூன்று வருடம் மாத்திரை தின்று வேணியின் முகம் வீங்கியிருந்தது. அந்த நோயே அவளுக்கு இல்லை. முதலில் அவனை அறைவதா, தன்னையே அறைந்துகொள்வதா என்று ஜெபராணிக்குக் கை பரபரத்தது.

"பழைய ரிப்போர்ட்ட குடுங்க மேடம். அது வேணும்."

ஜெபராணி அதை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தாள். பிளாஸ்டிக் வளைந்ததே தவிரக் கிழியவில்லை.

வேணி, பஞ்சுத் தட்டில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.