ஐப்பசித் தோணி

“ஐப்பசியிலயே கெளம்புறேன். கொழும்பு, காலி, அப்படியே மாலத்தீவு. சித்திரைக்குள்ள ஊடு வந்து சேந்துருவேன்.”

ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னான் சென்றாயன். பக்கத்தில் கடலூர்த் தோணிக்காரர் அருணாசலம். அவருடைய பாய்மரத் தோணியில் மலை மிளகையும் கடுக்காயையும் ஏற்றிக்கொண்டுபோய்ச் சென்றாயன் தானே விற்பதாக ஏற்பாடு. துணைக்கு ஊர் ஆட்கள் நாலு பேர்.

“ஐப்பசி, கார்த்திகை புயல் மாசமாச்சுங்களே. தை பொறந்து போனா என்னங்க?” என்றாள் அவன் மனைவி ருக்குமணி.

“தையில எல்லாத் தோணியும்தான் போகும். முந்திப் போறவனுக்குத்தான் வெலை,” என்றார் அருணாசலம். “மலைக்காரங்களுக்குக் கடல்னா கால் நடுங்குமாமே. பயமா இருந்தா இப்பவே சொல்லிருங்க.”

“யாருக்குப் பயம்?” மீசையைத் தடவினான் சென்றாயன். “நீ ஊட்டுக்குப் போ புள்ள.”

இப்படியும் ஒரு முரடனா என்று ஊரே அவளுக்காகப் பரிதாபப்பட்டது.

ஒரு வழிதான் மிச்சம். மலையை விட்டு நெடும்பயணம் போகிறவன் கருப்பன் கோயிலில் பூ வாக்குக் கேட்காமல் இறங்கக் கூடாது. வெள்ளைப் பூ ஒரு இலைப் பொட்டலத்தில், சிவப்புப் பூ இன்னொன்றில் என்று பூசாரி கட்டி வைப்பார். போகிறவன்தான் எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் புறப்படலாம். சிவப்பு வந்தால் தை வரைக்கும் அசையக் கூடாது.

ருக்குமணி பூசாரி அண்ணாமலையிடம் ஓடினாள்.

“ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பையே வெச்சுருங்க சாமி. அஞ்சு உசுருங்க.”

பூசாரி எரிந்து விழுந்தார். “சாமி வாக்குல என்னைக் கை வைக்கச் சொல்றியா? பேசாம ஊடு போய்ச் சேரு.”

அழுதுகொண்டே திரும்பினாள்.

மறுநாள் ஊர் பார்க்கப் பொட்டலத்தைப் பிரித்தான் சென்றாயன். சிவப்பு.

“சே, என் நேரம்,” என்று துண்டை உதறினான். “கருப்பன் சொன்னப்புறம் மீற முடியுங்களா? தைக்கே போலாம்.”

அருணாசலம் முணுமுணுத்துக்கொண்டே கடலூர் போய்த் தோணியைக் கடலிலிருந்து உப்பனாற்றுக்குள் இழுத்துக் கட்டினார்.

கார்த்திகையில் அடித்தது புயல். முந்திக் கிளம்பிய தோணி ஒன்றுகூடத் திரும்பவில்லையாம், கரையோரம் நின்ற தோணிகளும் நொறுங்கிப்போயினவாம், வெள்ளைக்காரன் கப்பலே கரை தட்டிவிட்டதாம். மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனவர்கள் சேதி கொண்டுவந்தார்கள்.

தை பிறந்தது. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பொதிமாடுகள் மிளகு மூட்டையோடு மலையிறங்க, மேளம் முழங்க ஊரே கூட நடந்தது. அருணாசலமே மேலேறி வந்து சென்றாயனுக்கு மாலை போட்டார்.

“சரக்கோட போறது இப்ப நம்ம தோணி மட்டுந்தான். கொழும்புல நாம சொல்றதுதான் வெலை.”

கூட்டத்தில் பின்தங்கிய ருக்குமணி பூசாரியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். “அன்னைக்கு வைஞ்சாலும், மனசு எறங்கி நான் கேட்டபடியே செஞ்சுட்டீங்க. நல்லா இருப்பீங்க.”

பூசாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நீ கேட்டதுக்காகச் செய்யல கண்ணு. உனக்கு முன்னாடியே ஒருத்தன் வந்து கால்ல விழுந்துட்டான். ‘நாலு பேரு என்னை நம்பி வாரானுங்க, ரெண்டுலயும் செவப்பே வைங்க, நான் பயந்தது மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம்’னு அழுதான். அதா, மாலையும் கழுத்துமா முன்னால போறான் பாரு, அவன்தான்.”